நெளிகோடு

அக்தாவ் துறைமுகம், ஆறாவது தடம்.
சக்கரங்களைத் தட்டுவது என் வேலை.
நீளக் கைப்பிடிச் சுத்தியல்,
சட்டைப் பையில் சுண்ணக்கட்டி.
நல்ல சக்கரம் மணிபோலப் பேசும்.
விரிசல் கண்டது
சளி பிடித்தவன் மாதிரி முனகும்,
அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போடுவேன்.
இருபது வருஷத்தில் நான் வரைந்தது அதுதான்.

மார்ச்சில் வந்த கோதுமை வண்டி ஒன்றின்
அடிச்சட்டத்தில், என் இடுப்பு உயரத்தில்
ஒரு குதிரை.
ஐந்து கால். ஐந்தாவது
வாலாகவும் இருக்கலாம்.
குனிந்தே பிழைப்பவன் கண்ணுக்குத்தான் அது படும்.
கீழே ஒரு நெளிகோடு.

அப்புறம் வாரம் ஒன்றாய் வரத் தொடங்கின.
புகைபோக்கி வைத்த ஒட்டகம்.
சிக்னல் கம்பத்தோடு கைகோத்து நிற்கும் ஆள்.
மேசை, இரண்டு கிண்ணம்,
ஒன்றிலிருந்து மட்டும் ஆவி.
முகமில்லாத பெண், ஆனால்
மேல்கோட்டில் பொத்தான் ஒன்றுகூட விடாமல்
ஒன்பது.

சுண்ணம் என்னுடையதைப் போலவே ரயில்வே சுண்ணம்.
அப்பனோ மாமனோ எங்களில் ஒருவன்.
ஸ்டெப்பியில் எங்கோ ஒரு ஒதுங்குதடம்,
எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுச் சரக்கு வண்டி
பதினொரு நிமிஷம் நிற்கும் இடம்.
கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்
இன்னொரு பிள்ளை இருந்தால்
ஒட்டகத்துக்கு ஏன் புகைபோக்கி?

நெளிகோட்டை நான் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன்.
யெர்மெக்தான் சிரித்தான்:
"படத்துக்குக் கீழே மனுஷன் என்னத்தைப் போடுவான்? பேரை."
தோல்கின்.
எங்கள் பேச்சில் அலை.
எழுதப் பழகாதவள் போட்ட கையெழுத்து.

ஜூனில் ஒரு வீடு வந்தது.
கதவு கிடையாது. ஒரே ஜன்னல்,
அதில் குறுக்கும் மறுக்குமாய் இரண்டு சட்டம்.
ராத்திரி ஷிப்ட்காரன் அதை என் குறி என்று எண்ணி
வண்டியைக் கழற்றிப் பழுதுத் தடத்தில் தள்ளிவிட்டான்.
அறுபது டன் கோதுமை, இரண்டு நாள், வெயிலில்.
மேலாளர் மூசபெகோவ் முகம் பீட்ரூட்டாகிவிட்டது:
"கண்ட கிறுக்கலையும் துடை!"

ஈரத் துணியோடு போனேன்.
துடைப்பதற்கு முன்னால், ஒரு முறைக்கு,
எட்டுச் சக்கரத்தையும் தட்டிப் பார்த்தேன்.
எட்டும் மணி.
விரிசல் வேறெங்கோ இருந்தது.
அதற்கு என்னிடம் சுத்தியல் இல்லை.

வண்டி காலியாகித் திரும்பும் நாளில்
யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு
அவள் எட்டக்கூடிய உயரத்தில்
ஒரு மீன் போட்டேன்.
கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவன்.
கருவாடு மாதிரி வந்தது.
வெட்கம் பிடுங்கித் தின்ன,
தேநீர் அறைக்கு வந்துவிட்டேன்.

நாற்பத்தொரு நாள்.
அதே வண்டி எண்.
என் மீனுக்குக் காது வைத்திருந்தாள், இரண்டு.
அதன் கழுத்தில், மீனுக்கு ஏது கழுத்து, ஒரு கயிறு.
கயிற்றின் மறுமுனையில் பொத்தான்காரி,
இன்னும் முகமில்லாமல்,
மீனை நாய்போல நடத்திக்கொண்டு போகிறாள்.
எந்தப் பக்கமாகப் போகிறாள் என்றுதான்
நெடுநேரம் பார்த்தேன்.
முகம் இல்லாததால் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம்.
மாலையில் பஸ் நிறுத்தத்தில்,
ஹோட்டல்களில் தரை துடைத்துவிட்டு
கோட்டை இழுத்துப் போர்த்தியபடி நிற்கும் பெண்களிடம்
பொத்தான் எண்ணுகிறேன்.
ஆறு. ஏழு. ஒருத்திக்கு எட்டு,
ஒன்று அறுந்து நூல் மட்டும் தொங்கியது.
கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது.

செப்டம்பரில் நின்றது.
பள்ளி விடுதியாக இருக்கலாம்.
குளிர்காலம் முழுக்க வண்டிகள்
வெறும் எண்களோடு வந்து போயின.

இன்று, பனி உருகி முதல் வண்டி.
வழக்கம்போலக் குனிந்து தேடினேன்.
ஒன்றுமில்லை.
சுத்தியலை எடுத்துக்கொண்டு நகரும்போது
தொப்பி நுனியில் ஏதோ வெள்ளை.
ஒரு சாண் மேலே ஏறியிருந்தது நெளிகோடு.

முதுகு பிடித்துக்கொண்டது,
நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.